பத்தரை மணிக்குக் கதவைத் தட்டுகிற பிள்ளைகள்

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன மாதம் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி அம்மாக்கள் எழுதியவை. கால்வாசி அப்பாக்கள். மிச்சம்தான் பிள்ளைகள். நான் 13 வயதில் அப்படி ஒரு விடுதிக்குப் போனவள். பிறகு 21 வருடம் அதே மாதிரி விடுதிகளில் ஹவுஸ்பேரன்ட்டாக இருந்தேன். அதாவது, பிள்ளைகள் தூங்குகிற கட்டடத்திலேயே குடியிருந்து, காய்ச்சல் முதல் காதல் வரை எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக எழுந்து வருகிற வேலை. அதனால் பதில்களில் பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் சாய்வேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: மகளுக்கு 14 வயது. பள்ளியில் விட்டுவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் ராத்திரி போனில் அழுகிறாள். ‘பிடிக்கலேன்னா ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த ஃப்ளைட்ல வந்து கூட்டிட்டு வந்துடறேன்’ என்று சொல்லித்தான் அனுப்பினேன். இப்போது அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா மேடம்?

ப: கூட்டி வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம் அம்மா. முதலில் அந்த வாக்கைத் திரும்பப் பெறுங்கள்.

அன்பாகத்தான் சொன்னீர்கள். ஆனால் பின்வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை பெட்டியைப் பிரிக்காது. இதை உவமையாகச் சொல்லவில்லை. என் விடுதியில் ஒரு பெண் ஆறு வாரம் சூட்கேஸைத் தரையில் திறந்தபடியே வைத்திருந்தாள். காலையில் ஒரு சட்டையை அதிலிருந்து எடுப்பாள், துவைத்து வந்ததும் மடித்துத் திரும்ப அதற்குள்ளேயே வைப்பாள். அலமாரியில் வெறும் ஹேங்கர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ‘அம்மா வந்துடுவாங்க, எதுக்கு ரெண்டு வேலை’ என்றாள். ஆறு வாரமும் அவள் பள்ளியில் இல்லை. ஏதோ ஒரு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கம் 2007இல் வீட்டு ஏக்கத்தைப் பற்றி மருத்துவர்களுக்கு ஓர் அறிக்கை வெளியிட்டது. கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன் என்ற இருவர் எழுதியது. தர்பர் உறைவிடப் பள்ளியிலும் கோடை முகாம்களிலும் பிள்ளைகளோடு வேலை செய்த உளவியலாளர். ‘பிடிக்காவிட்டால் கூட்டி வந்துவிடுகிறேன்’ என்று பேரம் பேசாதீர்கள் என்று அதில் நேரடியாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தையில் பிள்ளைக்குக் கேட்பது ‘உன்னால் முடியாது என்று எனக்கே தெரியும்’ என்பதுதான்.

இந்த ஏக்கம் ஒன்றும் புதிதல்ல. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இதை ஒரு நோயாகவே எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினார். ‘வீடு திரும்புதல்’, ‘வலி’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து அவர் உண்டாக்கியதுதான் ‘நாஸ்டால்ஜியா’. இன்றைக்கு அதைப் பழைய பாட்டு கேட்டால் வருகிற சுகமான சோகத்துக்குச் சொல்கிறோம். அன்றைக்கு அது வீட்டைவிட்டுத் தூரம் போன சுவிஸ்காரர்களைப் படுக்கையில் தள்ளிய வியாதி. அடுத்த நூற்றாண்டில் ரூசோ ஒன்று எழுதிவைத்திருக்கிறார்: சுவிஸ் படைவீரர்கள் காதில், மாடு மேய்ப்பவர்கள் வாசிக்கும் அவர்கள் ஊர் மெட்டு விழக்கூடாது என்று மரண தண்டனை போட்டுத் தடுத்திருந்தார்களாம். கேட்டதும் அழுதுவிடுவார்கள், இல்லையென்றால் படையைவிட்டே ஓடிவிடுவார்கள்.

உங்கள் ராத்திரி போன்தான் அம்மா அந்த மெட்டு. படிப்பு நேரம் முடிந்து, உடம்பு களைத்து, செய்ய வேலை எதுவும் இல்லாத நேரம் அது. அந்த நேரத்தில் உங்கள் குரல் கேட்டால் எனக்கே அழுகை வரும். போனைப் பகலுக்கு மாற்றுங்கள். வாரத்தில் ஒருநாள் விளையாட்டு முடிந்த பிறகு, இன்னொன்று சனிக்கிழமை காலை. நடுவில் என்னதான் பதறினாலும் கூப்பிடாதீர்கள். தோன்றுவதை எழுதி அனுப்புங்கள். ‘அழுதியா’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல யாரு படுக்கறா’ என்று கேளுங்கள்.

வாக்கைத் திரும்பப் பெறுவதை நேராகவே செய்துவிடலாம்: ‘நான் சொன்னது தப்பு கண்ணு. இந்த டெர்ம் முடியற வரைக்கும் இரு. லீவுக்கு வந்ததும் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம், நீ சொல்றத நான் கேட்பேன்.’ அன்றைக்கு ராத்திரி பெரிய அழுகையாக இருக்கும். பெரும்பாலும் அதற்கடுத்த வாரம் அலமாரியில் சட்டை ஏறும்.

சரி, எப்போது உண்மையிலேயே கிளம்பிப் போக வேண்டும்? சாப்பாடு, தூக்கம், வகுப்பு என்று அன்றாடம் நின்றுபோனால். யாராவது அவளைத் துன்புறுத்தினால். யாரையாவது கண்டு அவள் பயந்தால். அப்போது டெர்ம் கணக்குப் பார்க்காதீர்கள். மற்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘ராத்திரி பத்தரை மணிக்கு வயிறு வலிச்சா யாரு கதவைத் தட்டுவே?’ ஒரு பெயர் வந்தால் மூச்சு விடுங்கள். அழுகிற பிள்ளையாக இருந்தாலும் கால் ஊன்றிவிட்டது என்று அர்த்தம். ஒரு மாதம் கழித்தும் பெயர் வரவில்லை என்றால் அன்றைக்கே பள்ளியைக் கூப்பிட்டு, ‘என் மகள் யாரிடம் பேசுகிறாள்’ என்று கேளுங்கள். ‘எல்லாரும் இருக்கோம் மேடம்’ என்று சொன்னால் விடாதீர்கள். எல்லாரும் என்றால் யாரும் இல்லை.

கே: எனக்கு 16 வயது. எங்கள் சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர், ஆறு நாடு. ஆங்கிலம் எனக்கு நன்றாக வரும் என்று நினைத்துத்தான் போனேன். நான் பதில் யோசிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. ஜோக் புரிவதற்குள் சிரிப்பு முடிந்துவிடுகிறது. எல்லோரும் என்னை அமைதியான பையன் என்கிறார்கள். வீட்டில் நான் வாயாடி.

ப: தம்பி, உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றில் ஒரு பழைய முடிச்சு இறுகியது. என் முதல் டெர்மில் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தேன். மற்றவர்கள் முகத்தைப் பார்த்து, சிரித்தால் சிரிப்பது. இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஒருநாள் எதிரே இருந்த பெண் என்னவோ சொன்னாள், அவள் பக்கத்தில் இருந்தவள் உதட்டை இழுத்தாள், நான் கலகலவென்று சிரித்துவிட்டேன். அவள் சொன்னது தன் தாத்தா இறந்துபோனதைப் பற்றி. மேசையே என்னைப் பார்த்தது. அந்தப் பெண்ணின் தட்டில் ஸ்பூன் நின்ற இடம் கூட எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி அவளிடம் போய், ‘எனக்கு நீங்க பேசறதுல பாதி புரியல’ என்று சொன்னேன். அந்தப் பள்ளியில் நான் பேசிய முதல் உண்மையான வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகு அவள் எனக்காகக் கொஞ்சம் நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். நீயும் சொல்லிப் பார். ‘புரியல, திரும்பச் சொல்லு’ என்பது தோல்வி இல்லை. அந்த மேசையில் இன்னும் இரண்டு பேருக்குப் புரிந்திருக்காது. நீ கேட்டால் அவர்களும் பிழைப்பார்கள்.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், வேற்று மொழியில் படிக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். அரட்டை அடிக்கிற மொழி பழக ஏறக்குறைய 2 ஆண்டு ஆகும், பாடப்புத்தக மொழியில் மற்றவர்களுக்குச் சமமாக வர 5 முதல் 7 ஆண்டு ஆகும் என்பது அவர் கணக்கு. நீ போய் எத்தனை மாதம் ஆகிறது என்று எழுதவில்லை. என் ஊகம், இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கே தலை கனக்கிறதா? அது சோம்பல் இல்லை. நாள் முழுக்க மொழிபெயர்க்கிற தலைக்கு வருகிற களைப்பு.

எட்டுப் பேர் மேசை எல்லாவற்றிலும் கஷ்டமான இடம். அதை வைத்து உன்னை எடை போடாதே. இரண்டு பேர் சேர்ந்து கையால் வேலை செய்கிற இடமாகத் தேடு. நாடகத்துக்கு விளக்குப் போடுகிற கூட்டம், படகு துடைக்கிறவர்கள், துணி உலர்த்தும் அறை. அங்கே பேச்சு நடுநடுவே நிற்கும். நிற்கிற இடத்தில் நீ நுழையலாம். எனக்குத் தெரிந்த முக்கால்வாசி விடுதி நட்புகள், யாருடைய காலுறை எது என்று பிரிக்கிற இடத்தில்தான் ஆரம்பித்தன. உன் வாயாடித்தனம் எங்கேயும் போகாது. இரண்டாவது வருடத்தில் ‘கொஞ்சம் சும்மா இருடா’ என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.

கே: ராத்திரி ஆனால் பிள்ளைகளின் போனைப் பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்களாம். கொடுமை இல்லையா?

ப: இல்லை. 21 வருடத்தில், போனை வாங்கி வைத்ததற்கு ஒரே ஒரு பையன் எனக்கு நன்றி சொன்னான். அதுவும் பத்து வருடம் கழித்து. ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அவசரம் என்றால் ராத்திரியில் நீங்கள் கூப்பிட ஓர் எண்ணும், எடுப்பதற்கு ஓர் ஆளும் இருக்கிறார்களா என்று.

கே: மகனுக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்திருக்கிறது. ‘எக்ஸியட்’, ‘ஹாஃப் டெர்ம்’, ‘கார்டியன்’ என்று கடிதத்துக்குக் கடிதம் வருகிறது. ஒன்றும் விளங்கவில்லை. – ஒரு தந்தை

ப: அங்கே வருடத்துக்கு மூன்று டெர்ம். ஒவ்வொன்றின் நடுவிலும் வருகிற விடுமுறை ஹாஃப் டெர்ம். எக்ஸியட் என்பது லத்தீன்; ‘அவன் வெளியே போகட்டும்’ என்று பொருள். டெர்ம் நடக்கும்போதே சில வார இறுதிகளில் பல பள்ளிகள் விடுதியையே பூட்டிவிடும். அதுதான் எக்ஸியட். உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். உங்கள் மகன் எங்கே போவான்? அதற்குத்தான் கார்டியன். 18 வயதுக்குக் கீழே இருக்கிற வெளிநாட்டு மாணவனுக்கு, அந்த நாட்டில் யார் பொறுப்பு என்று விசா வாங்கும்போதே காட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலான பள்ளிகள் கார்டியன் பெயர் இல்லாமல் சேர்ப்பதில்லை. சொந்தக்காரர் இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு இதைத் தொழிலாகச் செய்கிற நிறுவனங்கள் உண்டு. அவர்களைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கிற ஏஜிஸ் என்ற அமைப்பும் இருக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டதோடு விடாதீர்கள். முதல் எக்ஸியட்டுக்கு முன்னால் உங்கள் மகன் அந்த வீட்டாரோடு வீடியோவிலாவது பேசியிருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையோடு நிற்பது என்ன என்று எனக்குத் தெரியும். குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்கக் கூச்சப்பட்டு ராத்திரி முழுக்க அடக்கிக்கொண்டு படுத்திருந்த பிள்ளைகள் உண்டு. எல்லாவற்றையும்விடச் சிறந்த எக்ஸியட், வகுப்புத் தோழன் வீடு. அது தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பையனின் அம்மாவுக்கு உங்கள் வீட்டம்மா நாலு வரி எழுதட்டும். எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இன்னொன்று, பள்ளி நாட்காட்டியைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். விலை மலிவு என்று தேர்வு முடிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே விமானம் போட்டுவிட்டு, என்னிடம் வந்து கெஞ்சிய அப்பா வருடத்துக்கு ஒருவராவது உண்டு. எல்லாரும் கணக்கில் புலிகள்.

கே: ஐபியா, ஏ லெவலா? எதில் எதிர்காலம்?

ப: இரண்டுமே பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்புகள். ஏ லெவல் பிரிட்டன் முறை; ஐபி என்பது இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம். எதிர்காலம் இரண்டிலும் இருக்கிறது. பிள்ளை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள்.

ஏ லெவல் என்றால் பெரும்பாலும் மூன்றே பாடம், ஆழமாக. இன்ன துறைதான் என்று முடிவு செய்துவிட்ட பிள்ளைக்கு அது சுகம். ஐபி டிப்ளமாவில் ஆறு பாடம். ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி. 4,000 சொல்லுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை, ‘அறிவு என்றால் என்ன, அது நமக்கு எப்படித் தெரியும்’ என்று குடைகிற ஒரு பாடம் – இவை இரண்டுக்கும் சேர்த்து 3 புள்ளி. ஆக மொத்தம் 45. தேற 24 வேண்டும், கூடவே வேறு சில நிபந்தனைகளும். இது போதாதென்று கலை, உடற்பயிற்சி, சேவை என்று தனியாக ஒரு பகுதி. அதற்குப் புள்ளி கிடையாது, ஆனால் முடிக்காமல் டிப்ளமா கிடையாது. நேரத்தைத் திட்டமிடத் தெரியாத பிள்ளையை இந்தப் படிப்பு இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் பிழிந்து எடுத்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு என் சமையலறையில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைக்கு அடிக்குறிப்புத் தேடியவர்களை நான் எண்ணியதில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இதன் சுபாவம் புரியும். 1924இல் ஜெனீவாவில் ஒரு சர்வதேசப் பள்ளி தொடங்கினார்கள். ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேசச் சங்கத்திலும் உலகத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகளுக்காக. அப்பாவுக்கு வேலை மாறினால் பிள்ளைக்கு நாடு மாறும், பாடத்திட்டம் மாறும். எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஒத்துக்கொள்கிற ஒரே தேர்வு வேண்டும் என்ற தலைவலியிலிருந்துதான் 1968இல் அதே ஊரில் ஐபி அமைப்பு பிறந்தது. ஊர் ஊராகப் போகிற பிள்ளைகளுக்காகத் தைத்த சட்டை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. ஐபியில் பிள்ளை தன் தாய்மொழி இலக்கியத்தையே ஒரு பாடமாக எடுக்கலாம். அந்த மொழிக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் சரி. பள்ளியின் மேற்பார்வையில் தானே படிக்கிற முறை என்று ஒன்று இருக்கிறது. நூல்களைத் தேர்ந்தெடுக்க, கூடப் படிக்க, வெளியிலிருந்து இணையம் வழியாக ஓர் ஆசிரியரைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு மொழி இலக்கியங்களில் தேறினால் இருமொழி டிப்ளமாவே கிடைக்கும். ஆனால் சேரும்போதே கேட்டால்தான் ஏற்பாடு செய்ய முடியும். நடுவில் கேட்டால் ‘அடடா’ என்பார்கள். வீட்டு மொழியில் போனில் ‘ம்’, ‘சரி’, ‘ஓகே’ மட்டும் பேசிக்கொண்டிருந்த ஒரு பையன், இப்படி எடுத்த ஒரு வருடத்தில் தன் பாட்டிக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினான். தபால்தலை என்னிடம்தான் வாங்கினான்.

கே: எதற்கு எங்களை மழையில் மலை ஏற வைக்கிறார்கள்? எதற்கு ஐஸ் தண்ணீரில் படகு ஓட்ட வைக்கிறார்கள்? படிக்கத்தானே வந்தோம்? – பிளிஸ்டர் வந்த ஒரு மாணவி

ப: குர்ட் ஹான் என்ற ஒரு ஜெர்மானியர் மேல் உன் கோபத்தைத் திருப்பலாம். 1920இல் ஜெர்மனியில் சாலெம் என்ற உறைவிடப் பள்ளியைத் தொடங்கியவர். யூதர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933இல் கைது செய்யப்பட்டு, வெளியே வந்ததும் பிரிட்டன் போனார். 1934இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளி. 1962இல் வேல்ஸ் கடற்கரைக் கோட்டை ஒன்றில் அட்லான்டிக் கல்லூரி. இன்று பல நாடுகளில் இருக்கும் யுனைடெட் வேர்ல்டு காலேஜ் பள்ளிகளுக்கு அதுதான் மூத்தது. இரண்டு உலகப் போரைப் பார்த்த மனிதர். பகை நாட்டுப் பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தால் பிறகு ஒருவரையொருவர் சுடுவது கஷ்டம் என்பது அவர் நம்பிக்கை.

சும்மா வீரத்துக்கு இல்லை. அட்லான்டிக் கல்லூரி மாணவர்கள் உண்மையான கடல் மீட்புப் பணியே செய்தார்கள். அடியில் கெட்டியான உடல், சுற்றிலும் காற்றடைத்த குழாய் என்று இன்று உலகம் முழுக்க மீட்புப் படைகள் ஓட்டுகிற படகு வகை, 1960களில் அங்கே ஒரு முன்னாள் கடற்படை அதிகாரியான முதல்வரும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. பிரிட்டனின் மீட்புப் படகு ஒன்றுக்கு அட்லான்டிக் 21 என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கும் மழையில் மலை ஏறப் பிடிக்காது. கொப்புளத்தை உடைக்காதே. இரண்டு ஜோடி காலுறை போடு, உள்ளே மெல்லியது, வெளியே தடித்தது.

கே: என் ரூம்மேட் பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. ராத்திரி தூங்குவதில்லை. ‘நான் இல்லாமப் போனா யாருக்கும் தெரியாது’ என்று ஒருநாள் சொன்னாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

ப: சத்தியத்தை உடை மகளே. இன்றைக்கே. உனக்குத் தனியாக அவசரப் பதில் அனுப்பியாகிவிட்டது. இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

ஹவுஸ்பேரன்ட், செவிலியர், உனக்குப் பிடித்த ஆசிரியர், யாராவது ஒரு பெரியவரிடம் அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல். நீ விளக்கம் கொடுக்க வேண்டாம், வார்த்தை போதும். கேட்டவர் ‘சும்மா சொல்லியிருப்பா’ என்று தள்ளினால் அடுத்தவரிடம் போ. அவளிடமும் மறைக்காதே: ‘எனக்குப் பயமா இருந்துச்சு, அதனால சொன்னேன்’ என்று நேராகச் சொல். அவள் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ள அவள் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இங்கிலாந்தில், விடுதி ஊழியரோ ஆசிரியரோ அல்லாத ஒருவரைப் பிள்ளைகள் நேராக அணுகும்படி ஏற்பாடு இருக்க வேண்டும் என்று உறைவிடப் பள்ளிகளுக்கான அரசு விதிகளே சொல்கின்றன. பிரிட்டன் முழுக்க சைல்டுலைன் 0800 1111 என்ற எண் இலவசம். வேறு நாட்டில் இருந்தால், இப்படிப்பட்ட எண் உங்கள் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும். இப்போதே போய்ப் பார். இல்லையென்றால் ‘ஏன் இல்லை’ என்று கேள்.

உன் வயதில் இன்னொருவர் உயிரை நீ தனியாகத் தூக்கிக்கொண்டு தூங்க முடியாது.

கே: மூன்று வருடம் கழித்து நீண்ட விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் அறையில் வாஷிங் மெஷின் பெட்டியும் பழைய சைக்கிளும் இருக்கின்றன. என் சித்தி பிள்ளைகள் நான் ‘மாறிட்டேன்’ என்கிறார்கள். பள்ளியில் என்னை ‘அந்த நாட்டுக்காரன்’ என்கிறார்கள். நான் எந்த ஊர்?

ப: சைக்கிள் என்ன நிறம் என்று எழுதவில்லையே தம்பி.

ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950களில் கணவரோடு இந்தியாவுக்கு வந்தார், இங்கே வேலை பார்க்கும் அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று படிக்க. அவர்களுடைய பிள்ளைகள் பெற்றோரின் பண்பாட்டிலும் இல்லை, வந்து வாழ்கிற இடத்தின் பண்பாட்டிலும் இல்லை, நடுவே தங்களுக்கென்று மூன்றாவதாக ஒன்றில் வாழ்வதைக் கவனித்தார். ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்ற பெயர் அப்படி வந்தது. உனக்கு ஓர் ஊர் குறையவில்லை; உன்னைப் போன்ற பிள்ளைகள் இருக்கிற ஓர் ஊர் கூடுதலாக இருக்கிறது. அதற்கு வரைபடத்தில்தான் இடமில்லை. இது ஆறுதலா என்று கேட்டால், ராத்திரியில் இல்லை. பகலில் கொஞ்சம்.

ஆனால் அறை விஷயத்தில் நான் உன் கட்சி. பெற்றோரே, பிள்ளை இல்லாத வீட்டில் இடம் சும்மா கிடக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஓர் அலமாரித் தட்டையாவது, ஒரு மேசை இழுப்பறையையாவது அவன் விட்டுப்போனபடியே வைத்திருங்கள். அறையை மாற்றத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டிக் கேளுங்கள். கேட்டால் ‘சரி’ என்றுதான் சொல்வான். கேட்காமல் மாற்றினால்தான், தான் செத்துப்போன மாதிரி அவனுக்குத் தோன்றும். நான் இதை எழுதும்போது என் அம்மாவின் நினைவு வருகிறது. நான் இல்லாத நாட்களில் என் மேசையில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு, நான் வருவதற்கு முதல்நாள் ராத்திரி தூக்கித் தூக்கி மாற்றுவாளாம். எனக்கு அது முப்பது வயதில்தான் தெரிந்தது.

சித்தி பிள்ளைகளுக்கு உன் பள்ளிக் கதை சொல்லாதே. முதல் மூன்று நாள் அவர்கள் கதையைக் கேள். நீ இல்லாதபோது அங்கேயும் மூன்று வருடம் ஓடியிருக்கிறது.

கே: இத்தனை வருடத்தில் நீங்கள் செய்த பெரிய தவறு எது? உண்மையைச் சொல்லுங்கள் மேடம்.

ப: அழுத பிள்ளைகள் விஷயத்தில் நான் அதிகம் தவறவில்லை. அழுகிறவர்கள் கதவைத் தட்டிவிடுவார்கள். பத்தரை மணிக்கு விளக்கணைத்துக் கால்மணி நேரத்தில் என் கதவில் விரல் முட்டி படும் சத்தம் கேட்கும். தலைவலி என்பார்கள், தண்ணீர் என்பார்கள், நாளைக்கு எந்தச் சீருடை என்பார்கள். உள்ளே விட்டு உட்கார வைத்தால் போதும்.

ஒரு பையன் தட்டியதே இல்லை. 12 வயதில் வந்தான். முதல் நாளிலிருந்தே கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. அழவில்லை, சண்டை போடவில்லை, எல்லாவற்றுக்கும் ‘யெஸ் மிஸ்’. வீட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் ‘மிக நன்றாகப் பழகிவிட்டான்’ என்று எழுதினேன். அதோடு நிறுத்தவில்லை. அழுதுகொண்டிருந்த மற்றப் பிள்ளைகளிடம் ‘அவனைப் பாருங்க, எவ்வளவு தைரியமா இருக்கான்’ என்று அவன் காதுபடச் சொன்னேன். பல தடவை.

இரண்டாவது வருடம் முடியும்போது சுவருக்கு வண்ணம் அடிக்கக் கட்டிலை நகர்த்தினோம். அடியில் வீட்டிலிருந்து வந்த பார்சல்கள், பதினொன்று. முதலில் வந்தது கீழே, கடைசியாக வந்தது மேலே என்று அடுக்கியிருந்தான். தபால் முத்திரை வரிசையும் சரியாக இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். ‘பிரிச்சா வீட்டு வாசனை போயிடும், மிஸ்’ என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்ணம் அடிக்க வந்தவர் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனார். ரொம்ப நேரம் கழித்து அவனே எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததை, முதன்முதலில் வந்ததை, இழுத்து எடுத்தான். டேப்பை நகத்தால் மெதுவாக, கிழியாமல் உரித்தான். உள்ளே அவன் அம்மா கையால் பின்னிய காலுறை ஒரு ஜோடி. காலில் போட்டுப் பார்த்தான். குதிகால் வரைக்கும்கூட ஏறவில்லை.